மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் உள்நாட்டுப் போர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நாட்டைப் பற்றிய செய்தி தமிழில் வருவதே அரிது. வந்தாலும் "கிளர்ச்சியாளர்கள் தாக்குதல், பலர் பலி" என்பதோடு முடிந்துவிடும். எந்தக் கிளர்ச்சியாளர்கள், எந்த ஊர், யாரை எதிர்த்து என்பதெல்லாம் அதில் இருக்காது. அப்படிப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில் வருகின்றன. முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல், அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

1. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுன்னா ஒரு நாடா, இல்ல ஆப்பிரிக்காவோட நடுப்பகுதிய மொத்தமா சொல்றதா?

ஒரே நாடுதான். உபாங்கி-ஷாரி என்ற பெயரில் பிரெஞ்சுக் காலனியாக இருந்து, 1960 ஆகஸ்ட் 13 அன்று விடுதலை பெற்றது. பரப்பளவு சுமார் 6.23 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் ஐம்பது, அறுபது லட்சம் பேர்தான். சாட், சூடான், தெற்கு சூடான், இரண்டு காங்கோக்கள், கேமரூன் ஆகியவை சுற்றி இருக்கின்றன. கடல் கிடையாது. பிரெஞ்சு ஆட்சிமொழி, ஊருக்கு ஊர் மொழி மாறினாலும் சங்கோ எல்லோருக்கும் புரியும்.

தலைநகர் பாங்குயி நாட்டின் தென்மேற்கு விளிம்பில், உபாங்கி ஆற்றங்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை காங்கோ ஜனநாயகக் குடியரசு. வடகிழக்கு மூலையில் உள்ள பிராவோ நகரத்துக்கும் தலைநகருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் சாலையே இருக்காது. அங்குள்ளவர்களுக்குச் சந்தை, சரக்கு, உறவு எல்லாம் சூடான் பக்கம்தான். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் இதில்தான் போய் நிற்கும்.

2. சண்டை 2013-லதானே ஆரம்பிச்சது?

உலகம் கவனித்தது 2013-இல். அதற்கு முன்பே ஆட்சி ஆயுதத்தால்தான் கைமாறிக்கொண்டிருந்தது. விடுதலைக்கு வழிவகுத்த பார்தெலமி பொகாண்டா 1959 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார். முதல் அதிபர் டேவிட் தாக்கோவை 1965 டிசம்பர் 31 இரவு ராணுவத் தளபதி பொகாசா கவிழ்த்தார். 1977-இல் தனக்குத் தானே பேரரசர் முடி சூட்டிக்கொண்ட அதே பொகாசாதான். 1979-இல் பிரெஞ்சுப் படையே வந்து அவரை இறக்கி, தாக்கோவை மறுபடி உட்கார வைத்தது. 1981-இல் ஜெனரல் கொலிங்பா தாக்கோவை நீக்கினார். 1993-இல் நடந்த தேர்தலில் பதாசே வென்றார். வாக்குச்சீட்டில் ஆட்சி மாறியது அந்த ஒரு முறைதான் என்று சொல்லும் நிலை வெகுகாலம் நீடித்தது.

இவையெல்லாம் அரண்மனைக் கவிழ்ப்புகள். பெரும்பாலும் தலைநகருக்குள்ளேயே முடிந்தன. உள்நாட்டுப் போர் என்று சொல்லத்தக்க நிலைக்கு நாடு நகரத் தொடங்கியது 1996-இல்.

3. 1996 ராணுவக் கலகம் வெறும் சம்பளப் பிரச்சினைன்னு படிச்சேன். சரியா?

தொடக்கம் சம்பள பாக்கிதான். அந்த ஒரே ஆண்டில் ஏப்ரல், மே, நவம்பர் என மூன்று முறை வீரர்கள் கலகம் செய்தார்கள். ஆனால் யார் கலகம் செய்தார்கள் என்று பாருங்கள். கொலிங்பா தன் யகோமா சமூகத்தினரை ராணுவத்தில் நிரப்பியிருந்தார். பதாசே வந்ததும் அந்த ராணுவத்தை நம்பாமல், தன் வடக்குப் பகுதி ஆட்களைக் கொண்டு அதிபர் காவல்படையை வளர்த்தார். காவல்படைக்குக் கிடைத்த கவனிப்பு ராணுவத்துக்குக் கிடைக்கவில்லை.

1997 ஜனவரியில் பாங்குயி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆப்பிரிக்க நாடுகளின் படை ஒன்று வந்தது, பிறகு ஐ.நா. படை வந்தது, 2000-இல் திரும்பிப் போனது. கலகத்துக்குக் காரணமான படை அமைப்பில் யாரும் கை வைக்கவில்லை. அதிபர் தன் சொந்தப் பாதுகாப்புக்கு ஒரு படையும், நாட்டுக்குப் பெயரளவில் இன்னொரு படையும் வைத்திருக்கும் வழக்கம் அப்போது வேரூன்றியது.

4. பெம்பா காங்கோக்காரர் ஆச்சே? இவர் பெயர் ஏன் இதுல வருது?

2001 மே 28 அன்று கொலிங்பா ஆதரவாளர்கள் கவிழ்ப்புக்கு முயன்றபோது, தன் ராணுவத்தை நம்ப முடியாத பதாசே (பதில் 3) வெளியாட்களை அழைத்தார். லிபியா வீரர்களை அனுப்பியது. ஆற்றுக்கு அக்கரையில் வடக்குக் காங்கோவைக் கையில் வைத்திருந்த கிளர்ச்சித் தலைவர் ஜான்-பியேர் பெம்பா தன் ஆட்களை அனுப்பினார். 2002 அக்டோபரில் பதவி பறிக்கப்பட்ட தளபதி பொசீசேயின் (பதில் 5) ஆட்கள் பாங்குயியைத் தாக்கியபோது பெம்பாவின் படை மறுபடி ஆற்றைக் கடந்து வந்து, கொலை, கொள்ளை, பெருமளவில் பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஈடுபட்டது.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் பெம்பாவைக் குற்றவாளி என்று அறிவித்து 18 ஆண்டு தண்டனை விதித்தது. 2018 ஜூனில் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். குற்றங்கள் நடக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தொலைவிலிருந்த தளபதியாக அவற்றைத் தடுக்க அவர் தகுந்த நடவடிக்கை எடுக்கவில்லை என்ற முடிவு தவறு என்றது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இந்த வேறுபாட்டால் எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

5. பொசீசே எப்படி ஆட்சியைப் பிடிச்சார்? சாடுக்கு இதுல என்ன அக்கறை?

பிரான்சுவா பொசீசே பதாசேயின் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தவர். 2001-இல் பதவி பறிக்கப்பட்டதும் சாடுக்குப் போய்விட்டார். 2003 மார்ச் 15 அன்று பதாசே வெளிநாட்டில் மாநாட்டில் இருந்தபோது பாங்குயிக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்தார். அவரோடு வந்தவர்களில் சாட் நாட்டவர் நிறைய. சாட் அதிபர் தெபிக்குத் தன் தெற்கு எல்லையில் நட்பான அரசு வேண்டியிருந்தது. தன் எதிரிகள் அங்கே தங்கிவிடக் கூடாது என்ற கவலையும் இருந்தது.

வெற்றிக்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். கூட வந்தவர்கள் தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டார்கள். கொடுக்கக் கருவூலத்தில் பணமில்லை. 2004 ஏப்ரலில் அவர்கள் தலைநகரிலேயே துப்பாக்கியோடு கலவரம் செய்தார்கள். பலர் ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொண்டு எல்லைப் பக்கம் போனார்கள். வழிப்பறியும் ஆள்கடத்தலும் அங்கே ஏற்கெனவே ஒரு தொழில், அதில் கலந்தார்கள். ஆட்சியைப் பிடிக்க ஆள் சேர்ப்பது எளிது, சேர்த்த ஆளைத் திருப்பி அனுப்புவது முடியாத காரியம். 2003-க்குப் பிந்தைய ஒவ்வொரு போரும் ஏறக்குறைய இந்த இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

6. 2013-க்கு முன்னாடி ஒரு 'புதர்ப் போர்' நடந்ததாமே?

ஆம், 2004 முதல் 2007 வரை. வடமேற்கில் பதாசேயின் பழைய காவல்படையினர் ஏ.பி.ஆர்.டி. என்ற குழுவாகத் திரண்டார்கள். அவர்களைத் தேடிப் போன அரசின் காவல்படை பவுவா, பொசங்கோவா பக்கம் சாலையோரக் கிராமங்களை எரித்தது. மக்கள் வயல்களுக்கும் காட்டுக்கும் ஓடினார்கள். வடகிழக்கில் யு.எஃப்.டி.ஆர். என்ற வேறொரு குழு, மிஷெல் ஜொதோடியாவின் தலைமையில், 2006 அக்டோபர் 30 அன்று பிராவோவைப் பிடித்தது. பிரெஞ்சுப் போர் விமானங்களின் துணையோடுதான் அரசு அதை மீட்டது.

2007-இல் பிராவோவிலும், 2008 ஜூனில் காபோன் தலைநகர் லிப்ரவீலிலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆயுதத்தை ஒப்படைத்தால் வேலையும் உதவித்தொகையும் கிடைக்கும் என்றார்கள். வடகிழக்கில் அது நடைமுறைக்கே வரவில்லை.

7. செலேகா யார்? மூணு மாசத்துல தலைநகரம் வரைக்கும் எப்படி வந்தாங்க?

வடகிழக்குக் குழுக்களின் கூட்டணி. 2008 ஒப்பந்தத்தை நிறைவேற்று என்பதுதான் அவர்களின் முதல் கோரிக்கை. 2012 டிசம்பர் 10 அன்று என்டெலேயைப் பிடித்தார்கள். அடுத்து பிரியா, பம்பாரி, காகா-பந்தோரோ, மாதக் கடைசியில் சிபுத். பாங்குயியிலிருந்து சிபுத் சுமார் 185 கிலோமீட்டர்.

எப்படி முடிந்தது என்றால், தடுக்க ஆளே இல்லை. பொசீசே ராணுவத்துக்கு அஞ்சி அதை வலுவிழக்க வைத்திருந்தார், பதாசே செய்த அதே தவறு. ஒவ்வொரு ஊரிலும் சிறு காவல் முகாம்தான். வண்டியில்லை, வானொலித் தொடர்பு இல்லை. பிக்கப் வண்டிகளில் வருகிறார்கள் என்ற செய்தி வந்ததுமே வீரர்கள் சீருடையைக் கழற்றிவிட்டுப் போனார்கள். போகும் வழியெல்லாம் சாட், சூடான் போராளிகள் செலேகாவில் சேர்ந்துகொண்டார்கள். சில ஆயிரமாக இருந்த படை பெருகியதற்கு அவர்களும், கொள்ளையில் பங்கு கிடைக்கும் என்று சேர்ந்த உள்ளூர் இளைஞர்களும்தான் காரணம்.

தலைநகருக்கு 75 கிலோமீட்டர் முன்னால், தமாராவில், வட்டார நாடுகளின் படை ஒரு கோடு போட்டு நிறுத்தியது. 2013 ஜனவரி 11 அன்று லிப்ரவீலில் மறுபடி ஒப்பந்தம். அதுவும் நிற்கவில்லை. மார்ச்சில் கோட்டைத் தாண்டியபோது தடுத்து நின்றவர்கள் தென்னாப்பிரிக்க வீரர்கள் சுமார் இருநூறு பேர். அவர்களில் 13 பேர் கொல்லப்பட்டதாக அந்நாட்டு அதிபர் அறிவித்தார். மார்ச் 24 அன்று பாங்குயி விழுந்தது. ஜொதோடியா நாட்டின் முதல் முஸ்லிம் அதிபரானார்.

8. அப்போ இது முஸ்லிம்-கிறிஸ்தவர் சண்டைதானே? ஆன்ட்டி-பலாக்கா கிறிஸ்தவப் படைன்னுதானே செய்தியில வருது?

செய்திகள் அப்படித்தான் எழுதின. மதத்தின் பெயரால் மக்கள் கொல்லப்பட்டது உண்மை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் போரின் காரணத்தை மதம் என்று புரிந்துகொண்டால் அடுத்து நடந்த எதுவும் புரியாது.

செலேகாவினர் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஊர் ஊராகக் கொள்ளையடித்தபோது முஸ்லிம் அல்லாதவர்களின் வீடுகளே அதிகம் இலக்காயின. செப்டம்பரில் ஜொதோடியா செலேகாவைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். கலைப்பதற்கு அவர் சொல் கேட்கும் படையாக அது இருந்ததில்லை. ஆன்ட்டி-பலாக்கா, வழிப்பறிக் கும்பல்களிடமிருந்து கிராமங்களைக் காக்க உருவான ஊர்க்காவல் குழுக்கள். கையில் நாட்டுத் துப்பாக்கி, வெட்டுக்கத்தி, கழுத்தில் தாயத்து. தேவாலயத்துக்கும் அவர்களுக்கும் அமைப்பு வழியான தொடர்பு கிடையாது. 2013-இல் பொசீசேயின் பழைய வீரர்கள் இவர்களோடு சேர்ந்ததும்தான் அது படையானது. டிசம்பர் 5 அன்று பாங்குயியைத் தாக்கினார்கள். அதற்குப் பழிவாங்கச் செலேகாவினர் இரண்டு நாட்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றதாக மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி சொன்னது.

மதப் போர் என்ற விளக்கம் எங்கே உடைகிறது? 2016-இல் பிரியாவில், செலேகாவிலிருந்து பிரிந்த ஒரு முஸ்லிம் குழு, மாடு மேய்க்கும் இனத்தவரான ஃபுலானி முஸ்லிம்களைத் தாக்கியது. அதற்குத் துணை நின்றவர்கள் ஆன்ட்டி-பலாக்கா. 2019-இல் பிராவோவிலும் 2020-இல் என்டெலேயிலும் சண்டையிட்ட இருதரப்பும் முஸ்லிம்கள். காரா, குலா, ருங்கா என்ற இனங்களுக்கிடையே வணிக வழி யார் கையில் என்ற போட்டி. 2020 டிசம்பரில் செலேகாக் குழுக்களும் ஆன்ட்டி-பலாக்காவும் ஒரே கூட்டணியில் சேர்ந்தார்கள் (பதில் 14). பாங்குயி பேராயர் ந்சபலைங்கா, இமாம் கோபின் லயாமா, பாதிரியார் கெரெகோயாமே மூவரும் போரின் உச்சத்திலேயே ஊர் ஊராகச் சேர்ந்து போய் இதைச் சொன்னார்கள். கர்னோ, பொசம்தெலே போன்ற ஊர்களில் முஸ்லிம்களை மாதக்கணக்கில் காத்தவை கத்தோலிக்க வளாகங்கள்தாம்.

9. எத்தனை பேர் இறந்தாங்க? இனப்படுகொலைன்னு சொல்லலாமா?

முழுக் கணக்கு யாரிடமும் இல்லை. ஐ.நா. விசாரணை ஆணையம் 2014 டிசம்பரில் 3,000 முதல் 6,000 வரை என்று சொல்லி, இது மிகக் குறைந்த மதிப்பீடு என்றும் சேர்த்துச் சொன்னது. இனப்படுகொலை என்று சட்டப்படி நிறுவத் தேவையான நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் ஆன்ட்டி-பலாக்கா முஸ்லிம்களை இனத் துடைத்தழிப்பு செய்தது என்பது அதன் முடிவு.

அந்தச் சொல்லின் பொருள் பாங்குயியில் கண்ணுக்குத் தெரிந்தது. போருக்கு முன் தலைநகரில் ஒரு லட்சத்துக்கு மேல் முஸ்லிம்கள் இருந்தார்கள். 2014 மார்ச்சில் சுமார் 900 பேர்தான் மிச்சம் என்று ஐ.நா. மனிதாபிமானப் பிரிவின் தலைவர் வலெரி ஏமொஸ் சொன்னார். மற்றவர்கள் சாட் ராணுவத்தின் லாரித் தொடர்களில் வெளியேறினார்கள். ஓடும் லாரியிலிருந்து விழுந்தவர்களைக் கூட்டம் கொன்றது. மிஞ்சியவர்கள் பி.கே.5 என்ற வணிகப் பகுதிக்குள் முடங்கினார்கள். நாட்டில் இருந்த 436 மசூதிகளில் 417 அழிக்கப்பட்டதாக ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் 2015-இல் கூறினார். இன்னொரு பக்கம், விமான நிலைய ஓடுபாதையை ஒட்டிய ம்போக்கோ முகாமில் ஒரு லட்சம் பேர் வரை தங்கியிருந்தார்கள், பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதவர்கள். பின்னர் வந்த ஆண்டுகளில் நாட்டு மக்களில் சுமார் ஐந்தில் ஒருவர் வீடிழந்தவராகவோ அகதியாகவோ இருந்தார்.

10. செலேகாவைக் கலைச்சாச்சு, ஜொதோடியாவும் போயாச்சு. அப்புறம் யார் சண்டை போடறாங்க? பெயரெல்லாம் குழப்புது.

ஜொதோடியா 2014 ஜனவரி 10 அன்று பதவி விலகினார். கேத்தரின் சம்பா-பன்சா இடைக்கால அதிபரானார். 2016 தேர்தலில் வென்று வந்தவர் பேராசிரியர் தூவாதேரா. அதற்குள் செலேகா உடைந்துவிட்டது. நான்கு பெயர்களை நினைவில் வைத்தால் பெரும்பாலான செய்தி புரியும். எஃப்.பி.ஆர்.சி.: நூரெதீன் ஆதம் தலைமை, குலா, ருங்கா ஆட்கள், வடகிழக்கு. யு.பி.சி.: அலி தராசா தலைமை, ஃபுலானிகள், பம்பாரியிலிருந்து கிழக்கு நோக்கி. எம்.பி.சி.: அல்-காதிம் தலைமை, சாட் எல்லையோர வடக்கு. நான்காவது 3ஆர், இது செலேகாவிலிருந்து வந்ததல்ல. வடமேற்கில் ஃபுலானி மேய்ப்பர்களைக் காப்பதாகச் சொல்லி அப்பாஸ் சிதிக்கி 2015 வாக்கில் தொடங்கியது. ஆன்ட்டி-பலாக்காவுக்கு ஒரே தலைமை எப்போதும் இருந்ததில்லை.

தென்கிழக்கில் ஓபோ பக்கம் உகாண்டாவின் ஜோசப் கோனியின் குழுவும் 2008-க்குப் பிறகு ஆட்களைக் கடத்தி வந்தது. அது இந்த அரசியலோடு சேராத தனிக் கதை.

11. இவங்களுக்குப் பணம் எங்கிருந்து வருது? வைரம்தானே?

வைரம் ஒரு பங்குதான், வெளியில் அதிகம் பேசப்படுவதும் அதுதான். 2013 மே மாதம், போர்க்குழுக்களின் வைர வணிகத்தைத் தடுக்க நாடுகள் சேர்ந்து வைத்துள்ள கிம்பர்லி ஏற்பாடு இந்நாட்டு வைர ஏற்றுமதியை நிறுத்தியது. சில பகுதிகளுக்கு 2015-க்குப் பின் தளர்த்தி, 2024 நவம்பரில் முழுமையாக நீக்கியது. தடை இருந்தபோது வைரம் நாட்டைவிட்டுப் போகாமல் இருக்கவில்லை, கணக்கில் வராமல் போனது. தங்கம் இன்னும் எளிது: எங்கே தோண்டியது என்று அடையாளம் காட்டவே முடியாது.

அன்றாடம் கைக்கு வரும் காசு சாலைத் தடுப்பில்தான். மரத்தடியைக் குறுக்கே போட்டு நான்கு பேர் துப்பாக்கியோடு நின்றால் போதும். லாரிக்கு ஒரு தொகை, மோட்டார் பைக்குக்கு ஒன்று, தலையில் மூட்டை சுமந்து வரும் பெண்ணுக்கு ஒன்று. நாடு முழுவதும் 284 தடுப்புகள் இருப்பதாக 2017-இல் வெளியான ஒரு கள ஆய்வு கணக்கெடுத்தது. அவற்றில் ஒரு பகுதி அரசுப் படைகளுடையது. மாட்டு மந்தைகளுக்கு வரி, மாட்டுச் சந்தைக்கு வரி, சூடானுக்குப் போகும் காபி லாரிகளுக்குக் 'காவல்' கட்டணம் என்று அது விரியும். காவல் கட்டணம் கட்டாதவரின் லாரியைத் தாக்குபவரும் பெரும்பாலும் அதே குழுதான்.

இதனால்தான் சண்டை பெரும்பாலும் சில சாலைச் சந்திப்புகளைச் சுற்றியே நடக்கிறது. வரைபடத்தில் ஒரு குழு பிடித்திருக்கும் நிலப்பரப்பைப் பார்ப்பதைவிட, எந்தச் சாலை யார் கையில் என்று பாருங்கள். மக்கள் செலுத்தும் விலை தடுப்பில் கொடுக்கும் காசோடு நிற்பதுமில்லை. உப்பு, சோப்பு, மருந்து எல்லாம் ஒவ்வொரு தடுப்பிலும் விலை ஏறித்தான் கடைசி ஊரை அடைகின்றன.

12. ஐ.நா. படை இத்தனை ஆயிரம் பேர் இருந்தும் ஏன் நிறுத்த முடியல?

மினுஸ்கா என்ற ஐ.நா. அமைதிப்படை 2014 செப்டம்பரில் பொறுப்பேற்றது. தொடக்க அனுமதி 10,000 வீரர்கள், 1,800 காவலர்கள். 2021-இல் 14,400 வீரர்கள், 3,020 காவலர்கள் என உயர்த்தப்பட்டது. இலங்கை விமானப்படையின் ஹெலிகாப்டர் பிரிவு ஒன்றும் இதில் பணியாற்றியிருக்கிறது. எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். பரப்பால் வகுத்தால் சுமார் 40 சதுர கிலோமீட்டருக்கு ஒரு வீரர். தார்ச்சாலை மிகக் குறைவு, பாலங்கள் உடைந்தவை.

செய்ததைச் சொல்ல வேண்டும். கேமரூன் எல்லையிலிருந்து வரும் லாரிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்ததால்தான் தலைநகருக்கு உணவு வந்தது. பம்பாரி, பிரியா முகாம்களில் மக்கள் உயிரோடு இருந்ததற்கு முள்வேலிக்கு வெளியே நின்ற அந்த வீரர்கள் காரணம். செய்யாததும் உண்டு: 2018 நவம்பரில் அலிந்தாவோ முகாம் தாக்கப்பட்டபோது அருகிலிருந்த படை தடுக்கவில்லை. பாலியல் குற்றங்களும் நடந்தன. ம்போக்கோ முகாமில் பசியோடு வந்த சிறுவர்களிடம், ஐ.நா. படையில் சேராமல் தனியே வந்திருந்த பிரெஞ்சு வீரர்கள் நடந்துகொண்டது பற்றிய புகார் ஐ.நா.வுக்குள் மாதக்கணக்கில் கிடந்தது; பிரெஞ்சு நீதிமன்றத்தில் வழக்கு யார் மீதும் குற்றம் சாட்டப்படாமல் முடிந்தது. காபோன் நாட்டுப் படைப்பிரிவு 2021-இல் இதே காரணத்துக்காக முழுவதுமாகத் திருப்பி அனுப்பப்பட்டது. காக்க வந்தவர்கள் செய்த குற்றம் என்பதால் இதை அடிக்குறிப்பாக ஒதுக்க முடியாது.

13. இத்தனை அமைதி ஒப்பந்தம் போட்டாங்களே, ஒண்ணு கூட ஏன் நிக்கல?

ஒப்பந்தத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால் தெரியும். ஆயுதக் களைவு இப்படி நடக்க வேண்டும்: குழு தன் ஆட்களின் பட்டியல் தரும். அரசும் மினுஸ்காவும் ஒவ்வொருவரையும் சரிபார்க்கும். ஆயுதமும் தோட்டாவும் ஒப்படைக்கப்பட்டுப் பதிவாகும். சிறுவர்கள் தனியே பிரிக்கப்பட்டு யுனிசெஃபிடம் போவார்கள். மருத்துவச் சோதனை முடிந்து, தகுதியுள்ளவர் ராணுவத்தில் சேரலாம். மற்றவர் தொழில் பயிற்சியும் சிறு முதலும் பெற்று ஊருக்குப் போகலாம்.

கெடுவது பல இடங்களில். பட்டியலில் தலைவரின் உறவினர்கள் ஏறிவிடுகிறார்கள். நாட்டுத் துப்பாக்கி வந்து சேர்கிறது, இயந்திரத் துப்பாக்கி புதரிலேயே இருக்கிறது. நன்கொடை நாடுகளின் பணம் தாமதமாகிறது. காத்திருந்தவர் சாலைத் தடுப்புக்கே திரும்புகிறார், அங்கே தினமும் காசு உண்டு (பதில் 11). வெளிநாட்டுப் போராளிகளை யார் ஏற்பது என்று எந்த ஒப்பந்தமும் உருப்படியாகச் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய குறை, ஆயுதம் எடுத்தவருக்குப் பதவி என்ற கணக்கு. 2019 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான கார்ட்டூம் ஒப்பந்தத்தில் 14 குழுக்கள் சேர்ந்தன. மார்ச்சில் தராசா, அல்-காதிம், சிதிக்கி மூவரும் பிரதமர் அலுவலகத்தின் சிறப்பு ராணுவ ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டார்கள். மே 21 அன்று சிதிக்கியின் 3ஆர் ஆட்கள் வடமேற்குக் கிராமங்களில் கூட்டம் என்று அழைத்து 46 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயுதம் எடுக்காமல் ஊரில் இருந்த ஆசிரியருக்கும் வணிகருக்கும் விவசாயிக்கும் அந்த மேசையில் நாற்காலியே கிடையாது. இதைப் பார்த்து வளரும் இளைஞன் என்ன முடிவுக்கு வருவான் என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

14. செலேகா துரத்தின பொசீசே, 2020-ல அதே செலேகா ஆட்களோட சேர்ந்தார்னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம். 2020 டிசம்பர் 3 அன்று அரசமைப்பு நீதிமன்றம் பொசீசேயைத் தேர்தலில் நிற்கத் தடை செய்தது. அடுத்த இரண்டு வாரங்களில் யு.பி.சி., எம்.பி.சி., 3ஆர், எஃப்.பி.ஆர்.சி., ஆன்ட்டி-பலாக்காவின் இரு பிரிவுகள் என ஆறு குழுக்கள் சி.பி.சி. என்ற கூட்டணியை அறிவித்தன. அதன் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைப் பொசீசே பிறகு வெளிப்படையாகவே ஏற்றார். டிசம்பர் 27 தேர்தலில் பல பகுதிகளில் வாக்களிக்க முடியவில்லை. தூவாதேரா வென்றதாக அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரி 13 அன்று பாங்குயியின் விளிம்பு வரை தாக்கினார்கள்.

அவர்களின் பலமான ஆயுதம், கேமரூன் சாலையை மறித்ததுதான். கடலில்லாத நாட்டுக்கு துவாலா துறைமுகத்திலிருந்து வரும் அந்த ஒரு சாலைதான் உயிர்நாடி. ஏறக்குறைய ஐம்பது நாள் லாரிகள் எல்லையில் நின்றன. தலைநகரில் உணவு விலை ஏறியது. ருவாண்டாப் படையும் ரஷ்யர்களும் (பதில் 15) சேர்ந்து சாலையைத் திறந்தார்கள்.

15. ரஷ்யா வந்த பிறகு நிலைமை நல்லாயிருக்கா, மோசமா?

நகரங்களில் அரசு திரும்பியது, அது உண்மை. 2017 டிசம்பரில் ஆயுதத் தடையிலிருந்து ஐ.நா. விலக்குக் கொடுத்ததும் ரஷ்ய ஆயுதங்களும் பயிற்சியாளர்களும் வந்தார்கள். பொகாசாவின் பழைய பெரெங்கோ அரண்மனை பயிற்சி முகாமானது. பயிற்சியாளர்கள் என்று வந்தவர்கள் வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படை நிறுவனத்தினர். 2021-இல் பம்பாரி, பூவார், பிரியா எல்லாம் கிளர்ச்சிக் குழுக்களிடமிருந்து மீட்கப்பட்டன. பாங்குயிவாசிகள் பலர் அதற்கு நன்றியோடிருக்கிறார்கள்.

விலை என்ன? பம்பாரிக்கு அருகே ந்தசிமா தங்கச் சுரங்கம் வாக்னர் தொடர்புள்ள நிறுவனத்தின் கைக்குப் போனது. குடிமக்களைக் கொன்றதாகவும் சித்திரவதை செய்ததாகவும் ஐ.நா. வல்லுநர்கள் 2021 முதல் எழுதி வருகிறார்கள். 2022 ஜனவரியில் அய்க்பாதோ கிராமத்தில் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டது பற்றி மினுஸ்கா விசாரணை தொடங்கியது. வாக்னரைப் பற்றி விசாரிக்கப் போன மூன்று ரஷ்யப் பத்திரிகையாளர்கள் 2018 ஜூலையில் சிபுத்துக்கு வடக்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 ஜூலையில் பொதுவாக்கெடுப்பு நடத்தி அதிபரின் பதவிக்கால வரம்பு நீக்கப்பட்டது. எதிர்த்து நின்ற அரசமைப்பு நீதிமன்றத் தலைவர் அதற்கு முன்பே அகற்றப்பட்டிருந்தார். அதிபருக்கென்று தனிக் காவல் என்ற பழைய வழக்கம் (பதில் 3) வேற்று நாட்டுச் சீருடையில் தொடர்கிறது என்பதே எங்கள் கணிப்பு.

16. யாருக்காவது தண்டனை கிடைச்சிருக்கா?

கிடைத்திருக்கிறது, மெதுவாக. ஆன்ட்டி-பலாக்கா தளபதி யெகதோம் 2016-இல் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார். 2018-இல் அவைக்குள் துப்பாக்கியால் சுட்டதில் கைதாகி, ஹேக்கில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். கால்பந்துச் சம்மேளனத் தலைவராக இருந்த இன்னொரு ஆன்ட்டி-பலாக்கா தலைவர் ங்காய்சோனா அதே ஆண்டு பாரிசில் பிடிபட்டார். 2025 ஜூலை 24 அன்று முறையே 15, 12 ஆண்டு தண்டனை.

பாங்குயியிலேயே உள்நாட்டு, வெளிநாட்டு நீதிபதிகள் சேர்ந்த சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் 2015 சட்டப்படி உருவானது. பதில் 13-இல் சொன்ன 46 பேர் கொலைக்குத்தான் அதன் முதல் தீர்ப்பு, 2022 அக்டோபர் 31 அன்று, மூவருக்கு. ஆனால் 2021 நவம்பரில் யு.பி.சி.யிலிருந்து வந்து அமைச்சரானவரை அந்நீதிமன்றம் கைது செய்தபோது, சில நாளில் ஆயுதம் ஏந்திய காவலர்கள் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். அடுத்த வாரமே அரசு விருதும் கொடுத்தது. பொசீசே மீது 2024-இல் பிடியாணை பிறப்பிக்கப்பட்டது; அப்போது அவர் இருந்தது கினி-பிசாவில்.

17. 2025-ல யு.பி.சி.யும் 3ஆரும் கலைஞ்சாச்சுன்னு படிச்சேன். அப்போ போர் முடிஞ்சதா?

2025 ஏப்ரலில் இந்த இரு குழுக்களும் சாடில் அரசோடு ஒப்பந்தம் செய்து, ஜூலையில் பாங்குயியில் கலைப்பை அறிவித்தன. 2013 செலேகா கலைப்பைவிட இது மேலானது, ஏனென்றால் தராசா போன்ற தலைவர்களே முன்னின்று கையெழுத்திட்டார்கள். ஆட்கள் உண்மையில் எங்கே போகிறார்கள், தடுப்புகள் எடுக்கப்படுகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும் (பதில் 11, 13).

இரண்டு மூலைகள் இன்னும் எரிகின்றன. தென்கிழக்கில், ஜெமியோ, ம்போக்கி, ஓபோ பகுதியில், யு.பி.சி.யை எதிர்க்க 2023 வாக்கில் அசண்டே இன இளைஞர்கள் ஒரு படை தொடங்கினார்கள். ரஷ்யர்கள் அவர்களில் பலருக்குப் பயிற்சி கொடுத்து ராணுவத்தோடு சேர்த்தார்கள். பிறகு உறவு முறிந்து அதே ஆட்களும் ராணுவமும் மோதிக்கொள்கிறார்கள். வடகிழக்கில், 2023 ஏப்ரலில் தொடங்கிய சூடான் போர் எல்லை தாண்டி வந்திருக்கிறது. பிராவோவின் கோர்சி பகுதியில் சூடான் அகதிகள் தங்கியிருக்கிறார்கள். 2025 ஜூனில் அந்த மாவட்டத்தில் சாம்பிய அமைதிப்படை வீரர் ஒருவர், எல்லை தாண்டி வந்தவர்கள் என்று கருதப்படும் ஆயுதக் குழுவால் கொல்லப்பட்டார். மழைக்காலத்தில் பிராவோவுக்கு இன்றும் விமானத்தில்தான் போக வேண்டும்.